கூலிங் இல்லாத கறுப்பு பீர்: லஸ் முதல் அடையாறு வரை ஒரு நாள்

இந்த வலைப்பூவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், பெங்களூரில் எங்கே நல்ல கிராஃப்ட் பீர் கிடைக்கும், சனிக்கிழமை எத்தனை மணிக்குப் போனால் உட்கார இடம் இருக்கும் என்று கேட்பவர்கள். தெரிந்தவரை பதில் போட்டுவிடுகிறேன். போன மாதம் ஒருவர் வேறு மாதிரி கேட்டிருந்தார்: "சார், பலகையில் பத்து வகை எழுதிப் போட்டிருக்கிறார்கள். கோதுமை பீர் என்கிறார்கள், ஐ.பி.ஏ. என்கிறார்கள், ஸ்டவுட் என்கிறார்கள். எனக்கு எது பிடிக்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?"

நான் கண்டுபிடிக்கவில்லை. என் நண்பன் சண்முகம் கண்டுபிடித்தான். நான் கூடப் போனேன், அவ்வளவுதான். 1997 ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. லஸ்ஸில் ஆரம்பித்து, தி.நகர் வழியாக அடையாறு. சுற்று வழியையும் சேர்த்து பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் இருக்காது. இமயமலை வரை போய் வந்ததையெல்லாம் எழுதிவிட்டேன். இந்தப் பன்னிரண்டு கிலோமீட்டரை எழுத மட்டும் இத்தனை வருடம் கை வரவில்லை. இப்போதும் சிரித்துக்கொண்டே ஆரம்பிக்கிறேன், முடிவு வரை அப்படியே போகுமா என்று தெரியாது.

சண்முகம் திருநெல்வேலிக்காரன். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுச்சேலை விற்கிறவன். நான் மயிலாப்பூர், பாண்டி பஜார் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. கடை வசூலைக் கட்ட என் கவுண்டருக்கு வந்து வந்து சிநேகிதமானவன். மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அவனுக்கு வார விடுமுறை அன்று, நான் பேங்க் முடித்து வந்ததும் இரண்டு பேரும் பீர் குடிப்போம். பதினோரு வருடம் இது தவறியதில்லை. பேச்சு முழுக்க அவனுடையது. பேசிப் பேசியே பிழைக்கிறவன், கடை மூடிய பிறகும் வாயை மூட மாட்டான்.

அந்த வருடம் பொங்கல் வாக்கில் அவனுக்கு நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண் வந்தது. பல் குத்தியிருக்கும் என்றான். சித்திரையிலும் ஆறவில்லை. அடையாறில் ஒரு மருத்துவமனையில் சதை எடுத்துச் சோதித்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். நாக்கில் பெரும்பகுதியை எடுக்க வேண்டும், பிறகு கதிர்வீச்சு. உயிருக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. பேச்சு முன்போல் இருக்காது. ருசி எவ்வளவு மிஞ்சும் என்று இப்போது சொல்ல முடியாது, கொஞ்சம் திரும்ப வந்தாலும் வரலாம் என்றார் டாக்டர். வெள்ளிக்கிழமை வந்து சேரச் சொன்னார்கள்.

அவன் இதை என்னிடம் சொன்னது பேங்க் வாசல் டீக்கடையில். ஆற வைத்த டீயை வலது பக்கமாகச் சாய்த்துக் குடித்துக்கொண்டே சொன்னான். "வே சீனு, எனக்கு என்னென்ன பிடிக்கும்னு ராத்திரி பூரா யோசிச்சுப் பாத்தேன். சொதி பிடிக்கும்னு தெரியும். ஒம்ம வீட்டு வத்தக்குழம்பு பிடிக்கும்னுகூடத் தெரியும். பதினோரு வருசமா பீர் குடிக்கோம். அதுல எது பிடிக்கும்னு எனக்குச் சொல்லத் தெரியல வே."

"பீர்னா பீர்தானே. அதுல என்ன தனியா பிடிக்கறது?" என்றேன்.

"கடைக்கு வந்த ஒரு பொம்பளையாளு, எல்லாச் சேலையும் ஒண்ணு போலத்தான இருக்குன்னு எந்திரிச்சா, நான் விட்டுருவேனா?"

விடமாட்டான். அவன் சேலை காட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். என்ன கலர் வேண்டும், என்ன விலையில் வேண்டும் என்று கேட்கவே மாட்டான். மூன்று சேலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவிட்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டே, வந்தவரின் விரலை மட்டும் பார்ப்பான். விரல் எந்தச் சேலையில் தயங்குகிறதோ, எதைத் தன் பக்கம் இழுக்கிறதோ, அதை வைத்துக்கொண்டு மற்ற இரண்டை மாற்றுவான். "வாய் பத்து சொல்லும் வே. பக்கத்துல மாமியா இருப்பா, வெலச் சீட்டு தொங்கும். வெரலுக்கு அதெல்லாம் தெரியாது. வெரல் பொய் சொல்லாது" என்பான். நாக்கு போவதற்குள் அதே முறையில் தனக்கு ஒரு பீரைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்பதுதான் இப்போது அவன் ஆசை. சின்ன ஆசைதான். மூன்று நாளுக்குள் வேறு என்ன பெரிதாக ஆசைப்பட முடியும்?

(டாக்டரிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. இதைப் படிக்கிற யாரும் அப்படிச் செய்ய வேண்டாம்.)

திங்கட்கிழமை சாயங்காலம் அவன் மனைவி பேச்சியம்மாள் பேங்குக்கு போன் செய்தாள். "அண்ணாச்சி, நாளைக்கு எங்க போறீங்கன்னு எனக்குத் தெரியும். இந்த மனுசன் குடிக்கதுக்கு நான் ஒருநாளும் சரின்னு சொன்னதில்ல. நாளைக்கு மட்டும் சொல்லுதேன். வெளக்கு வைக்கதுக்குள்ள வீட்டுல கொண்டாந்து விட்டுருங்க." நான் லீவ் போட்டேன்.

காலை பதினொன்றேகாலுக்கு லஸ் முனையிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருந்த ஒரு பெர்மிட் ரூமில், அதாவது பாரில், உட்கார்ந்தோம். வெயில் அப்போதே மண்டையைப் பிளந்தது. நாங்கள் வழக்கமாகப் போகும் இடம் அது. வழக்கமான லாகர் பீர், அன்றைக்கு நாற்பத்து நான்கு ரூபாய். இளைய வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பீருக்கு இருந்த ஒரே தகுதி கூலிங். எந்த கம்பெனி, என்ன வகை என்பதெல்லாம் பிறகு. பாட்டிலைத் தொட்டால் கை ஒட்ட வேண்டும். ஐஸ் தொட்டியில் கழுத்து வரை முக்கி வைத்திருப்பார்கள். முதல் கிளாஸை மூச்சு விடாமல் ஒரே மடக்கில் இறக்கிவிட்டு, உடனே மிளகாய்த்தூள் தடவிய மாங்காயைக் கடிக்க வேண்டும், அல்லது ஊறுகாயை நக்க வேண்டும். முகத்தைச் சுளிக்க வேண்டும். நாங்களும் பதினோரு வருடம் இந்தப் பூஜையைக் குறையில்லாமல் செய்துவந்தோம்.

சண்முகம் ஒரு வாய் குடித்தான். அப்படியே நிமிர்ந்துவிட்டான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அந்தக் குளிர் புண்ணில் பட்டுவிட்டது. ஐந்து நிமிடம் வாயைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தே இருந்தான். மாங்காய்த் தட்டைக் கொண்டுவந்தவர் ஒன்றும் புரியாமல் நின்றார். நான் தட்டைத் திருப்பி அனுப்பினேன்.

"வீட்டுக்குப் போயிடலாம்டா" என்றேன்.

"முதல் சேலையிலேயே கடைய மூடச் சொல்லுதீரு. எந்திரியும்" என்றான். அந்த பீரை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தோம். என் வாழ்க்கையில் பீரை மிச்சம் வைத்தது அதுதான் முதல் முறை.

லஸ்ஸிலிருந்து 12B பிடித்து பனகல் பார்க். நாலரை கிலோமீட்டர், நெரிசலில் நாற்பது நிமிடம், ஆளுக்கு இரண்டு ரூபாய் சில்லறை. அங்கே ஒரு ஓட்டலின் முதல் மாடியில் ஏ.சி. பார் இருந்தது. குழாயிலிருந்து நேராக மக்கில் பிடித்துத் தரும் டிராட் பீர் அங்கே கிடைத்தது, மக் அறுபது ரூபாய். அவன் கடை அங்கிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். ஒரு டிராட், ஒரு லாகர், ஒரு ஸ்ட்ராங் என்று மூன்றையும் வரவழைத்து, மேஜையில் வரிசையாக வைத்தான். தொடவில்லை. குளிர் போகட்டும் என்று காத்திருந்தோம்.

வெயிட்டர் இரண்டு முறை வந்து பார்த்தார். "சார், சூடாயிடுது. மாத்திக் கொண்டாரட்டா?" என்றார். "சூடாகத்தாண்ணே வச்சிருக்கோம்" என்று சண்முகம் சொன்னதும் அவர் பிறகு எங்கள் பக்கம் வரவே இல்லை.

அரை மணி நேரம் கழித்து, டிராட் பீரை வலது பக்கமாக மெல்ல உறிஞ்சினான். எரியவில்லை. இன்னொரு முறை உறிஞ்சினான். "வே, இதுல ரொட்டி வாசம் வருது. பேக்கரி வாசல்ல நின்னா வரும்லா, அந்த வாசம்." நான் வாங்கிக் குடித்துப் பார்த்தேன். வந்தது. லாகரில் மெல்லிய புல் வாசனை இருந்தது. ஸ்ட்ராங்கில் வெல்லத் தண்ணீர் போல ஓர் அசட்டுத் தித்திப்பு, பின்னாலேயே காட்டம். மூன்றும் மூன்று தினுசு! கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். எங்களுக்குக் கற்பூரத்தை ஐஸில் முக்கி ஊறுகாயோடு கொடுத்திருந்தார்கள், நாங்களும் தின்றுகொண்டிருந்தோம். அவனுக்குப் புண் வந்து, குளிரும் காரமும் ஆகாது என்று ஆன பிறகுதான் எங்கள் இரண்டு பேர் நாக்குக்கும் பீர் என்று ஒன்று தட்டுப்பட்டது. அந்த நினைப்பு வந்ததும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

"எது?" என்று கேட்டேன். தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒண்ணுலயும் நிக்கல வே" என்றான்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "சண்முகம்தானே? நல்ல இடத்துல பாத்தேன் போ!" நங்கநல்லூரிலிருந்து வருடாவருடம் அவனிடம் சேலை எடுக்க வருகிற ஒரு பெரிய மனிதர். இரண்டு பேருக்கும் ஒரே கூச்சம், ஒரே சிரிப்பு. "மூத்தவளுக்கு நீ எடுத்துக் குடுத்த அரக்குப் பொடவையை இன்னும் எல்லாரும் சொல்றா. சின்னவளுக்குத் தையில முகூர்த்தம் வெச்சிருக்கு. உன்கிட்டதான் வருவோம். இருப்பியோன்னோ?"

"இருப்பேன் சார். கூட்டிட்டு வாங்க. இந்த வாட்டி பேசாமலே எடுத்துக் குடுத்துருதேன், பாருங்க."

"நீயாவது, பேசாம இருக்கறதாவது!" என்று அவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே போனார். சண்முகமும் அவர் படியிறங்கும் வரை சிரித்துக்கொண்டே இருந்தான். பிறகு மேஜைத் துணியை நீவி நீவிச் சரிசெய்தான். அதில் சுருக்கமே இல்லை.

இரண்டேகால் மணிக்கு ஆட்டோ பிடித்தோம். அடையாறுக்கு ஏழு கிலோமீட்டர் இருக்கும். "அம்பது குடு நைனா" என்றார் டிரைவர். மீட்டர் போடச் சொன்னால், "மீட்டரு ரிப்பேர்ல கீது சார். நாப்பதுன்னா ஏறு" என்றார். மெட்ராஸ் என்ற பெயரைச் சென்னை என்று மாற்றி அப்போது ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருந்தது, மீட்டரை மட்டும் யாரும் மாற்றவில்லை. உள்ளே டேப்பில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. சைதாப்பேட்டையைத் தாண்டியதும் சண்முகம் மருத்துவமனையின் பெயரைச் சொல்லி, "அந்தப் பக்கமா சுத்திப் போங்கண்ணே. வாசலுல ஒரு நிமிசம் நிறுத்துங்க" என்றான்.

ஆட்டோ நின்றது. அவன் இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே அந்தக் கேட்டையும், உள்ளே மரத்தடியில் தூக்குச்சட்டிகளோடு காத்திருந்த ஆட்களையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாருக்கு சார் ஒடம்பு?" என்றார் டிரைவர்.

"எனக்குத்தாண்ணே. வெள்ளிக்கிழமை சேரணும்."

டிரைவர் கையை நீட்டி டேப்பை நிறுத்தினார். வண்டி கிளம்பியும் போடவில்லை. "பாட்டப் போடுங்கண்ணே. நான் இன்னும் இருக்கேன்லா?" என்றான் சண்முகம். அவர் போட்டார், சத்தத்தைக் குறைத்து. கொஞ்ச தூரம் போனதும், "எங்க அக்கா வூட்டுக்காரரு இங்கதான் சார் படுத்துக்கினு இருந்தாரு. இப்போ ஜம்முனு கீறாரு. வேலைக்குப் போய்க்கினு வந்துக்கினு கீறாரு" என்றார்.

"பேசுதாராண்ணே?"

டிரைவர் கொஞ்சம் தயங்கினார். "அவருக்கு வவுறு சார்" என்றார்.

அடையாறு சிக்னலுக்குக் கொஞ்சம் தள்ளி இறங்கினோம். ஒரு ஒயின் ஷாப், அதன் பின்னால் தகரக் கூரை போட்ட பார். மணி மூன்று. கரண்ட் இல்லை. கவுண்டரில் இருந்தவர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். "கூலிங் கெடையாது சார். கரண்ட் போயி ரெண்டு மணி நேரம் ஆச்சு. சாயங்காலமா வாங்க" என்றார்.

"கூலிங் இல்லாததுதாண்ணே வேணும்" என்றான் சண்முகம்.

அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். ஏற்கெனவே ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார். சண்முகம் அவரைக் கவனிக்கவில்லை. கடைக்குள் எட்டி மேல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். "வே, விக்காத சரக்குதான் மேல ஏறும். எங்க கடையில நான் ஏறித் தேடி எடுத்த சேலைய வேண்டாம்னு சொன்ன ஆளே கெடையாது. அண்ணே, அந்த மூலையில கறுப்பா ரெண்டு நிக்கே, அது என்ன?"

"அது கறுப்பு பீர் சார். ஸ்டவுட்டு. டானிக் கணக்கா இருக்கும். கப்பல்ல வேலை பாத்த ஒருத்தர் வந்து வாங்கிக்கினு போவாரு, அவரும் இப்போ வர்றது இல்ல. ரெண்டே ரெண்டுதான் கீது. தொறந்துட்டு வாணாம்னா திருப்பி வாங்க மாட்டேன், சொல்ட்டேன்."

பாட்டில் நாற்பத்தெட்டு ரூபாய். இரண்டையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். பாரில் வேறு யாரும் இல்லை. தூசியைத் துடைத்து ஒன்றைத் திறந்து ஊற்றினேன். மையைப் போலக் கறுப்பு. நுரைகூட வெள்ளையாக இல்லை, டீ நுரை நிறத்தில் இருந்தது. சண்முகம் முதலில் மூக்கில் வைத்தான். பிறகு ஒரு வாய் எடுத்து, வலது கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான்.

"எரியறதா?" என்றேன். பொறு என்று கையைக் காட்டினான். கொஞ்ச நேரம் கழித்து விழுங்கினான். கண்ணைத் திறக்கவில்லை. நான் அவன் கையைப் பார்த்தேன். சுட்டுவிரல் கிளாஸின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு வந்தது. பிறகு அந்த விரலை வளைத்து, கிளாஸை மேஜையின் மேல் மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

அவனே அதைப் பார்த்துவிட்டான். "பாத்தீரா வே?" என்றான். "கருப்பட்டிக் காப்பி வே. அடியில லேசாத் தீஞ்ச கருப்பட்டிக் காப்பி. அந்தத் தீஞ்சதுதான் ருசியே. விழுங்குன பெறவு ஒரு கசப்பு வருது பாரும், நல்ல கசப்பு, போகவே மாட்டேங்கு."

நானும் குடித்தேன். அவன் சொன்னது அத்தனையும் இருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். அந்த மூன்று நிமிடம் நாங்கள் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தோம். அவன் வாய்க்கு வாய் ஒன்று சொன்னான். வறுத்த பொட்டுக்கடலை என்றான், மழையில் நனைந்த விறகு எரிகிற வாசனை என்றான், பேசிக்கொண்டே போனான். பதினோரு வருடத்தில் பீரைக் குடித்துக்கொண்டு பீரைப் பற்றியே அவன் பேசியது அன்றைக்குத்தான்.

பாதி கிளாஸில் பேச்சு நின்றது. கிளாஸைக் கீழே வைத்தான். "இத எதுக்கு வே இன்னைக்குக் கண்டுபிடிச்சோம்?" என்றான். "தெரியாமலே போயிருந்தா எனக்கு ஒரு நட்டமும் இல்ல. இப்ப இதுவும்லா சேந்து போகப் போகுது." சொல்லிவிட்டு அழுதான். ஒரு நாளில் முப்பது பேரைச் சிரிக்கவைத்துச் சேலை விற்கிறவன், தோள் குலுங்க அழுதான். நானும் அழுதேன். கரண்ட் இல்லாதது நல்லதாகப் போயிற்று, அந்த அரை இருட்டில் கவுண்டர்காரருக்குத் தெரியவில்லை.

"ருசி திரும்ப வரலாம்னு டாக்டர் சொன்னாரே" என்றேன் கடைசியில்.

சட்டென்று நிமிர்ந்தான். "ஆமா, சொன்னாருல்லா?" அந்த பாட்டிலை முடித்தோம். நான் இரண்டாவதைத் திறக்கப் போனேன். அவன் உள்ளங்கையால் மூடியைப் பொத்தினான். "இது இருக்கட்டும் வே. இத நீரு பத்திரமா வச்சிரும். எனக்கு நாக்கு வந்த பெறவு குடிப்போம்." நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது. பேப்பரில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஆதம்பாக்கத்துக்கு ஆட்டோவில் அறுபது ரூபாய் கொடுத்து, ஐந்தரை மணிக்கு அவன் வீட்டில் விட்டேன். பேச்சியம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். விளக்கு இன்னும் வைத்திருக்கவில்லை.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் பீர் பாட்டிலை எங்கே ஒளிப்பது? யோசித்து யோசித்துக் கொலுப்பொம்மைப் பெட்டியில் வைத்தேன். பரணில் இருக்கும், புரட்டாசி வரை ஒருவரும் தொடமாட்டார்கள், வைக்கோல் சுற்றியிருப்பதால் உடையவும் உடையாது. பேங்க் லாக்கரைவிடப் பத்திரம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். நவராத்திரி வந்தது. நானோ மறந்தே போனேன். என் மனைவி மைதிலி பெட்டியைப் பிரித்துவிட்டு, "ஏன்னா, மரப்பாச்சிக்குப் பக்கத்துல இது என்ன கண்றாவி?" என்று கேட்டுக்கொண்டு வந்து நின்றாள். சண்முகத்துடையது என்று விஷயத்தைச் சொன்னேன். அவள் அந்தப் பேப்பரையே திரும்பச் சுற்றி, "அவர் வந்து கேக்கறச்சே எடுத்துக் குடுங்கோ" என்று பீரோவின் மேல் வைத்துவிட்டுக் கொலுப்படி கட்டப் போனாள்.

அறுவை சிகிச்சை அந்த ஜூனிலேயே நல்லபடியாக முடிந்திருந்தது. நாக்கு பெரும்பாலும் போய்விட்டது. அவன் எழுப்பும் சத்தத்தைப் பேச்சியம்மாள் மட்டும் புரிந்துகொண்டு எங்களுக்குச் சொல்வாள். கடை முதலாளி அவனை விடவில்லை, மாடியில் சரக்கு அடுக்கும் வேலை கொடுத்தார். மார்கழியில் அந்த நங்கநல்லூர்க்காரர் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து, சண்முகம்தான் வேண்டும் என்று நின்றாராம். இறங்கி வந்து, மூன்று மூன்றாக விரித்து, சொன்னபடி பேசாமலே எடுத்துக் கொடுத்தானாம். அந்த மனிதர் கடைக்கு வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று பேச்சியம்மாள் சொன்னாள்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சண்முகம் எங்கள் வீட்டுக்கு வந்தான். பாதியாக இளைத்திருந்தான். கட்டைவிரலை வாய்ப் பக்கம் சாய்த்துக் காட்டினான். மைதிலியே பாட்டிலை எடுத்துக் கொடுத்து, இரண்டு எவர்சில்வர் டம்ளர்களையும் கொடுத்து, மொட்டை மாடிக்குப் போகச் சொன்னாள். கைப்பிடிச் சுவரில் டம்ளர்களை வைத்து ஊற்றினேன். கதிர்வீச்சுக்குப் பிறகு மூக்கும் சரியில்லை என்று பேச்சியம்மாள் சொல்லியிருந்தாள். முகர்ந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினான். ஒரு வாய் எடுத்தான். பாதி வாயோரமாக வழிந்து சட்டையில் இறங்கியது. துடைத்துக்கொண்டான். காத்திருந்தான். எதுவும் வரவில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. அந்த முகத்தை நான் பார்த்திருக்க வேண்டாம்.

பிறகு என் டம்ளரைக் காட்டி, நீ குடி, குடித்துவிட்டுச் சொல் என்று சைகை செய்தான்.

குடித்தேன். கெட்டுப்போயிருந்தது. கத்திரி வெயிலின் மிச்சத்தையும் மழையையும் பரணிலும் பீரோ மேலும் கிடந்து வாங்கி, நனைந்த அட்டைப்பெட்டி வாசனையும் புளிப்புமாக மாறியிருந்தது. கருப்பட்டியும் இல்லை, காப்பியும் இல்லை. நான், "அதேதான் சண்முகம். அடி தீஞ்ச கருப்பட்டிக் காப்பி. அந்தக் கசப்புகூட அப்படியே இருக்கு" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் குனிந்து பார்த்தேன். என் சுட்டுவிரல் டம்ளரைச் சுவரின் அந்தக் கோடிக்குத் தள்ளிக்கொண்டிருந்தது.

சண்முகம் சிரித்தான். சத்தம் சிரிப்பு மாதிரி இல்லை, ஆனால் சிரிப்புதான். என் டம்ளரையும் தன் டம்ளரையும் எடுத்து மாடித் தண்ணீர் போகும் துவாரத்தில் கொட்டினான். பிறகு என் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். இருட்டி, மைதிலி மேலே வந்து கூப்பிடும் வரை விடவில்லை. அடுத்த ஆடியில் நோய் தொண்டைக்கு இறங்கி, அவன் போய்விட்டான்.

கேள்வி கேட்ட வாசகருக்கு இனி என் பதில். அந்த மூன்று இடங்களும் இப்போது இல்லை, தேடிப் போக வேண்டாம். எந்த ஊரில் குடித்தாலும் கூலிங்கைக் குறைத்துக் கேளுங்கள். பீர் வந்ததும் பத்து நிமிடம் பொறுங்கள். முதல் கிளாஸ் முடியும் வரை ஊறுகாயைத் தள்ளி வையுங்கள். பல இடங்களில் சின்னச் சின்ன கிளாஸ்களில் மாதிரி தருகிறார்கள். மூன்று வாங்கி வரிசையாக வைத்துக்கொண்டு, வேறு ஏதாவது பேசிக்கொண்டே உங்கள் விரலைக் கவனியுங்கள். என் விரல் இன்றைக்கும் கறுப்பு பீரில்தான் போய் நிற்கிறது. அதில் ருசி எவ்வளவு, சண்முகம் எவ்வளவு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

இன்னும் ஒன்று. பிடித்தது கிடைத்துவிட்டால், நாளைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். இரண்டாவது பாட்டிலையும் அன்றைக்கே திறந்துவிடுங்கள்.